ஒரே அண்டாவில் சாமையும் அரிசியும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் முழங்கால், அடுத்தது சர்க்கரை, அதற்கும் அடுத்தது மருமகள். போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள், "டாக்டர் சாமைச் சோறு சாப்பிடச் சொல்லியிருக்கிறார். எப்படி வைத்தாலும் குழைந்து போகிறது. யாருக்காவது பக்குவம் தெரியுமா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நான் ஆரம்பித்தேன், எல்லோருடைய காபியும் ஆறி ஆடை கட்டும் வரை நிறுத்தவில்லை. கடைசியில் ஒருவர், "இவ்வளவையும் எழுதி வைத்துவிடுங்களேன்" என்றார். என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சாமைப் பக்குவத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்பது வயதில் ஒரு பள்ளிக்கூடத்தின் மத்தியானச் சோற்றையே கெடுத்துத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. அதற்குப் பின்னால் நடந்ததைச் சொல்லும்போது தற்பெருமை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் உங்கள் பேரப்பிள்ளைகளின் மார்க்கைச் சொல்லும்போது நான் பொறுத்துக்கொள்ளவில்லையா.

என் அப்பா கல்கட்டு மேஸ்திரி. வாய்க்கால், அணை, ரோடு என்று எங்கே கல் வைத்துக் கட்டும் வேலை நடக்கிறதோ அங்கே எங்கள் சட்டி பானையும் போகும். சொந்த ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம்தான். ஆனால் அங்கே நாங்கள் நோம்பி, பண்டிகை நாட்களில் மட்டும் தலைகாட்டுவோம். கொல்லிமலைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் போவதற்காகச் சின்னச் சின்னப் பாலங்கள் கட்டும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. மலைமேல் வாழவந்தி நாடு என்கிற பகுதியில் ஒரு சரிவில் வேலையாட்களுக்குப் பன்னிரண்டு கொட்டாய்கள் போட்டிருந்தார்கள். புல் கூரை, மூங்கில் தட்டி, மழை பெய்தால் உள்ளே பாதி மழை. புரட்டாசி கடைசியில் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

அது எனக்கு ஐந்தாவது பள்ளிக்கூடம். எந்த ஊரிலும் எனக்குக் கடைசி வரிசைதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையோடு கா விட்டுப் பழம் விடுவதற்குள் அப்பாவுக்கு வேலை முடிந்துவிடும். நாலு பள்ளிக்கூடங்களில் படித்தும் எனக்கு ஒரு சிநேகிதிகூட மிஞ்சவில்லை. இதைப் பெரிய சோகமாக நினைக்காதீர்கள். சிநேகிதி என்றால் எப்படி இருக்கும் என்றே தெரியாததால் அப்போது எனக்கு வருத்தமும் இல்லை.

மலைப் பள்ளிக்கூடம் ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம். மண் சுவர், நாற்பது பிள்ளைகள். மழைக்காலத்தில் மேகம் வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கரும்பலகை மறைந்து போகும், வாத்தியார் குரல் மட்டும் கேட்கும். ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாசனை எல்லோர் மேலும் இருக்கும். பிள்ளைகள் சாக்கைக் கொங்காணி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வருவார்கள், கொங்காணிகளை வாசலில் மாட்டினால் சாயங்காலம் வரை சொட்டிக்கொண்டே இருக்கும். கொட்டாய்களிலிருந்து போனது நாங்கள் நாலு பேர். நான், என் தம்பி, பாறைக்கு வெடி வைக்கிறவரின் பிள்ளைகள் இரண்டு பேர். எங்களுக்கு 'ரோட்டுப் புள்ளைங்க' என்று பெயர் வைத்தார்கள். அதிலும் தப்பு இல்லை, நாங்கள் ரோட்டோடு வந்தவர்கள்தானே.

பள்ளிக்கூடங்களில் மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்திருந்த காலம் அது. பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சமையல் கொட்டாய், மூன்று கல் அடுப்பு, ஒரு பெரிய பித்தளை அண்டா. சமைப்பதற்கு ஒரு அக்கா இருந்தார், சத்தமாகச் சிரிப்பார், எதற்கும் சிரிப்பார். அவருக்கு ஒத்தாசையாகப் பெரிய பிள்ளைகள் நாலு நாலு பேராக அடுப்பு முறை போட்டுக்கொள்வார்கள். முறைக்காரர்கள் விறகு எடுத்து வர வேண்டும், தானியத்தைக் கல் போக அரிக்க வேண்டும், பலா மரத்தில் செதுக்கிய நீளமான துடுப்பால் அண்டாவைக் கிண்ட வேண்டும். பிறகு எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் தாங்கள் சாப்பிட வேண்டும். அந்தத் துடுப்பு மஞ்சளாக, கை பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கும். இப்போது எந்த அடுப்பில் எரிந்து போனதோ தெரியாது.

சாப்பாட்டுக்கான அரிசி கீழே இருந்து தலைச்சுமையாக மேலே வரும். ஐப்பசி மழை பிடித்ததும் பாதையில் மண் சரிந்தது, சுமைக்காரர்கள் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் அரிசி தீர்ந்தது. வாத்தியார் ஊரில் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து தினம் இரண்டு கைப்பிடி சாமை கொண்டுவர ஏற்பாடு செய்தார். மலையில் அரிசி நோம்பிக்குத்தான், அன்றாடம் சாமையும் ராகியும்தான். காலையில் சமையல் அக்கா முறத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். ஒருத்தன் மூங்கில் குழாயில் கொண்டுவருவான், ஒருத்தி சுரைக்குடுவையில், இன்னொருத்தி பாவாடை மடியில். முறத்தில் சாமை விழுகிற சத்தம் அவ்வளவு நன்றாக இருக்கும். நான் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் நாலு பேரிடம் மட்டும் வாத்தியார் வாங்கவில்லை. "நீங்க வெளியூர்ப் புள்ளைங்க, உங்களுக்கு ஏது காடு கழனி. ஒண்ணும் கொண்டார வேண்டாம், சும்மா உக்காந்து சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால் எங்களுக்கு வந்த வினை அவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குள் ஒரு சட்டம் உருவாகியிருந்தது. முறத்தில் சாமை போட்டவர்களுக்குத்தான் அடுப்பு முறை. போடாதவர்கள் விருந்தாளி.

விருந்தாளி என்றால் மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. முதல் இலை எங்களுக்குத்தான். கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். விறகில் கை வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். அதில் முன்னால் நின்றவள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரின் மகள். என் வயதுதான், என்னை விட ஒரு சாண் உயரம், துடுப்பு எந்நேரமும் அவள் கையில்தான் இருக்கும். ஒரு நாள் நான் சுள்ளிக் கட்டைத் தூக்கப் போனேன்.

"நீ எதுக்குப் புள்ள தூக்கறே? நீ விருந்தாளி. போய் உக்காரு."

"நானும் தூக்கறேனே."

"விருந்தாளி வேலை செஞ்சா எங்களுக்குத்தான் அசிங்கம். போ அக்கட்டால."

அவள் மனசில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க நாலு பேர் முதலில் சாப்பிடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். கடைசி வரிசைகூடத் தேவலாம் என்று இருந்தது.

ஆகவே நான் அரிசி திருடினேன். எங்கள் வீட்டு அரிசிதான். மழைக்கு முன்பே காண்ட்ராக்டர் வேலையாட்களுக்கென்று அரிசி மூட்டைகளை ஏற்றி வைத்திருந்தார், அதனால் கொட்டாய்களில் சாமை இல்லாவிட்டாலும் அரிசி இருந்தது. அம்மா தண்ணீருக்குப் போன சமயம் பானையில் கை விட்டு இரண்டு பிடி எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டேன். காலையில் முறத்தில் போட்டால் வாத்தியார் பார்த்து வேண்டாம் என்பார். அதனால் மத்தியானத்துக்குச் சற்று முன், சமையல் அக்கா கீரை பறிக்கப் போன நேரம், கொதித்துக்கொண்டிருந்த சாமையில் என் அரிசியைக் கொட்டினேன். கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன் பாருங்கள், அப்படி ஒரு நிம்மதி. நானும் போட்டுவிட்டேன்!

சாமை சீக்கிரம் வெந்துவிடும். தண்ணீர் கொதித்துப் போட்டால் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் போதும். அரிசிக்கு அதைப்போல மூன்று பங்கு நேரம் வேண்டும். கீழ்நாட்டில் வளர்ந்த எனக்குச் சாமையைத் தெரியாது. தானியம் என்றால் எல்லாம் ஒன்றாக வேகும் என்று நினைத்துவிட்டேன். சமையல் அக்கா திரும்பி வந்து பார்த்தார். சாமை வெந்துவிட்டது, நடுவில் வெள்ளையாக வேகாத அரிசி. யார் செய்தது என்று கேட்டு ஒரு பிள்ளையை அழவைக்க அவருக்கு மனசில்லை. அரிசியும் வெந்துவிடட்டும் என்று தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொதிக்கவிட்டார். சாமை கரைந்து பசையாகி அடியில் பிடித்துக்கொண்டது. மேலே அரிசி அப்போதும் கடக் கடக்கென்றது. அண்டா முழுக்கக் காந்தல் நாற்றம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டுத் துப்பினார்கள். ஒரு பையன் பசியில் தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அரிசி யார் வீட்டில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஊர்க்கவுண்டர் வந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்று, சத்தம் போடாமல் பேசினார்.

"வாத்தியாருங்களே, நேத்து அத்தனை புள்ளைங்களும் பசியோட ஊட்டுக்கு வந்துச்சுங்க. இந்த மழையில சாமை சும்மா வரதுங்களா? ஒவ்வொரு பிடியும் பொம்பளைங்க இடிச்சுப் பொடைச்சது. ரோட்டுக் கொட்டாயிப் புள்ளைங்க படிக்க வரட்டும், நான் வேண்டாங்கல. சோத்துக்கு மட்டும் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிட்டு வரட்டுமுங்க."

வாத்தியார் தலையாட்டினார். அவரை நான் வெகுகாலம் மன்னிக்கவில்லை. இப்போது யோசித்தால் அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருந்திருக்காது. அவரும் கீழே இருந்து வந்தவர்தான். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அவருக்கு முதல் இலை போட்டு, தண்ணீர் கொடுத்து, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விருந்தாளியாக இருப்பதைத் தவிர அந்த மலையில் வேறு வழி உண்டு என்று பாவம் அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து மத்தியான மணி அடித்ததும் நாங்கள் நாலு பேரும் மழையில் இறங்கி ஒரு மைல் நடந்து கொட்டாய்க்குப் போய்த் திரும்புவோம். பாதை முழுக்கச் சேறு. மூன்றாம் நாள் தம்பி வழுக்கி ஓடையில் விழுந்தான். அன்று சாயங்காலமே அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. அப்பா வேலை முடிந்து வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கோபக்காரர், ஆனால் கத்த மாட்டார், குரலைத் தாழ்த்திக்கொள்வார். அது இன்னும் மோசம்.

"ஒரு வாய்ச் சோத்துக்கு நம்ம புள்ளைங்கள வெளிய நிறுத்தற பள்ளிக்கூடம் நமக்கு வேண்டாம். இந்த வெள்ளிக்கெழம வரைக்கும் போகட்டும். திங்கக்கெழமயிலிருந்து அம்மணி எங்கூட ஜல்லி பொறுக்க வரட்டும். ஆளும் பத்தல."

அம்மணி என்று அவர் கூப்பிடுவது என்னைத்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தார். ஜல்லி பொறுக்கப் போன பிள்ளைகள் யாரும் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போனதாக நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது வகுத்தல் கணக்கு பாதிதான் வந்திருந்தது. மீதியைத் தெரிந்துகொள்ளாமலே போய்விடுவேனே என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், அந்த வயதில் என் துக்கம் அந்த அளவில்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மா ராகிக் களிக்கு உலை வைத்திருந்தார். கொதிக்கிற தண்ணீரில் அரிசி நொய்யைப் போட்டுவிட்டு, மாவைக் கையில் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

"ஏம்மா, மாவ இப்பவே போட்டா என்ன?"

"மொதல்ல நொய்யி வேகோணும் கண்ணு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா ஒண்ணு வெந்துரும், ஒண்ணு வெடுக்குன்னு நிக்கும்."

நான் துள்ளி எழுந்த வேகத்தில் உப்புச் சட்டி உருண்டது. அதே அடுப்படியில் உட்கார்ந்து அரிசி திருடிய கதையை அம்மாவிடம் முழுக்கச் சொன்னேன். அடி விழும் என்று முதுகை வளைத்துக்கொண்டுதான் சொன்னேன். அம்மா மாவைக் கொட்டிக் கிண்டிக்கொண்டே, "எங்கிட்டக் கேட்டிருந்தா ஒரு சொம்பே குடுத்திருப்பனே, ரெண்டு பிடியப் போய் எவளாச்சும் திருடுவாளா" என்றார். எனக்கு வாய்த்த அம்மாவை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

வியாழக்கிழமை காலையில் ஊர்க்கவுண்டர் மகளைச் சமையல் கொட்டாயில் பிடித்தேன். அரிசியை முதலில் போட்டு அரை வேக்காடு ஆனதும் சாமையைப் போட்டால் இரண்டும் ஒன்றாக வெந்துவிடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் துடுப்பை ஊன்றிக்கொண்டு கேட்டாள். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, நான் அதை மறந்தே போனேன்.

"உங்க கொட்டாயில அரிசி எத்தன இருக்குது?" என்றாள்.

"ஏன்?"

அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க குதிர்ல அடி தெரியுது புள்ள. மத்தவங்க ஊட்டுலயும் அப்படித்தான். ரெண்டு பிடி ஒரு பிடியாயிருச்சு, நீ பாக்கலியா? இன்னும் பத்து நாள் மழ பேஞ்சா அண்டாவக் கவுத்து வெக்க வேண்டியதுதான். எங்கப்பா வெளிய சொல்ல மாட்டாரு. கவுண்டரு ஊட்டுலயே இல்லீன்னா ஊரு பயந்துரும்."

எனக்கு அப்படியே உலகம் திரும்பி நின்றது. இத்தனை நாளும் அவர்களிடம் எல்லாம் இருக்கிறது, எங்களிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாத்தியாரும் அப்படித்தான் நினைத்தார், என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். பெரியவர்கள் யாரும் அண்டாவுக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை.

அன்று மத்தியானமே அவள் தன் அப்பாவிடம் போய்ப் பேசினாள். என்ன பேசினாளோ, திரும்பி வந்து ஒரு விரலைக் காட்டினாள். "ஒரு நாள் பாக்கச் சொல்லியிருக்காரு. நாளைக்கு. கெட்டுப்போச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாதாம்." சமையல் அக்காவிடம் சொன்னபோது அவர் வழக்கம்போலச் சிரித்தார். "கெட்டா எனக்குத் திட்டு, நல்லா வந்தா உங்களுக்குப் பேரு. சரி, வந்து தொலைங்க" என்றார்.

அம்மா அன்று மாலையில் அப்பாவுக்குத் தெரியாமல் பன்னிரண்டு கொட்டாய்க்கும் போய் அரிசி கேட்டு வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் ரோட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் கையில் நாலு சொம்பு அரிசி. தம்பி காய்ச்சலில் படுத்திருந்தான், அவன் பங்கையும் நானே தூக்கினேன். சமையல் அக்கா முறத்தை நீட்டினார். என் இரண்டு சொம்பையும் சாய்த்தேன். அரிசி விழுகிற சத்தம் சாமையைப் போல இருக்காது, இன்னும் கனமாக இருக்கும்.

அன்று நாலு பேருக்குப் பதிலாக எனக்கும் ஊர்க்கவுண்டர் மகளுக்கும் மட்டும் அடுப்பு முறை. அரிசியை ஊறவைத்து, கொதித்த தண்ணீரில் போட்டோம். நான் அண்டாவை விட்டு நகரவில்லை. புகை கண்ணைக் கரித்தது, மூக்கு ஒழுகியது, தாவணிகூட இல்லாத வயது, துடைத்துக்கொள்ளப் பாவாடை நுனிதான். துடுப்பால் நாலு பருக்கை எடுத்து விரலில் நசுக்கிப் பார்ப்பேன். நடுவில் வெள்ளைப் பொட்டு பெரிதாக இருந்தது. மறுபடி நசுக்குவேன். பொட்டு சின்னதானது. சாமையை அரித்து முறத்தோடு தயாராக நின்றாள் ஊர்க்கவுண்டர் மகள்.

"போடட்டுமா?"

"இரு."

"வெந்துருச்சு புள்ள."

"இருங்கறேன்ல!"

கவுண்டர் மகளை அதட்டியவள் அந்த மலையில் அதுவரை நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பொட்டு கடுகளவு ஆனதும் "போடு" என்று கத்தினேன். அவள் கொட்டினாள், நான் ஒரு சுற்றுக் கிண்டினேன், ஒரே ஒரு சுற்று. தண்ணீர் சோற்றின் மட்டத்துக்கு இறங்கியதும் விறகை வெளியே இழுத்து, மூடியைப் போட்டு, மூடி மேல் தணலை அள்ளி வைத்தோம். பிறகு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

மூடியைத் திறந்த சமையல் அக்கா அந்த ஒரு தடவை சிரிக்கவில்லை. ஒரு கை அள்ளி ஊதி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "அடியே" என்றார். ஒவ்வொரு பருக்கையும் தனியாக நின்றது. வெள்ளை அரிசியும் மங்கல் சாமையும் ஒன்றோடு ஒன்று கலந்து, பிரிக்கவே முடியாதபடி கிடந்தது.

வாழை இலைத் துண்டுகளில் பரிமாறினோம். மண்ணில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டையும் மொச்சையும் போட்ட குழம்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தேன். அன்றைக்குத் தேம்பி அழுத பையன் மூன்று தடவை கை நீட்டினான், மூன்று தடவையும் போட்டேன். ஊர்க்கவுண்டர் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இலையை வழித்துச் சாப்பிட்டார். வாத்தியார் தன் இலையை எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பாதிப் பந்தியில் வாசலில் அப்பா வந்து நின்றார். தம்பிக்கு மருந்து வாங்கக் கிளம்பியவர், இந்த மழையில் நான் எங்கே நடந்து வந்துகொண்டிருக்கிறேனோ என்று பாதை முழுக்கத் தேடிவிட்டு வந்திருக்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் உள்ளே பார்த்தார். எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மகள் மட்டும் முகமெல்லாம் கரியோடு, கையில் வாளியோடு, நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இலை இல்லை.

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அத்தன பேருக்கும் சோறு. எம்மக மட்டும் எடுபிடியா? வாளியக் கீழ வை அம்மணி. வா போலாம்."

பந்தி அப்படியே நின்றது. என் கையைப் பிடித்தார், வாளி ஆடியது, குழம்பு சிந்தியது. வாத்தியார் எழுந்திருக்கப் போனார். அதற்குள் ஊர்க்கவுண்டர் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் முகத்திலும் கரி, அவளுக்கும் இலை இல்லை.

"ஏனுங்க, அவளுக்கு இன்னிக்கு மொறைங்க. எனக்கும்தானுங்க. மொறைக்காரங்க கடைசியாத்தான் உண்ணோணும். விருந்தாளி மாதிரி மொதல்ல உக்காந்து உண்ண முடியுங்களா?"

அப்பா அவளைப் பார்த்தார். அவள் வெறும் இலையையும் சொம்புத் தண்ணீரையும் எடுத்து வந்து நீட்டினாள். "நீங்க விருந்தாளிங்க. கை கழுவிக்கிட்டு உக்காருங்க."

நான் அப்பாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டேன். "ஆமாங்க அப்பா. எனக்கு மொறைங்க. உக்காருங்க" என்றேன். என் அப்பாவை உட்காரச் சொல்லி அதற்கு முன் நான் சொன்னதே இல்லை.

அவர் உட்கார்ந்தார். நான்தான் பரிமாறினேன். முதல் வாயை மென்றுகொண்டே சோற்றைக் கிளறிப் பார்த்தார், நடுவில் இருந்த வெள்ளைப் பருக்கைகளைப் பார்த்தார். அது எந்த மூட்டை அரிசி என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா. சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டுச் சமையல் அக்காவிடம் போனார்.

"ஏனுங்க, திங்கக்கெழமைக்கு எத்தன சொம்பு அரிசி வேணும்?"

"நாலு இருந்தாப் போதுமுங்க மேஸ்திரி" என்றார் அக்கா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நாலு சொம்பு அம்மணி. மறந்துட்டுப் போயிறாத" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு மழை விடும் வரை காலையில் முறத்தில் முதலில் விழுந்தது எங்கள் அரிசிதான். அரிசி வேக அதிக நேரம் ஆகும் என்பதால் எங்களுக்காகக் காத்திருந்து வாங்கினார்கள். நாங்கள் தாமதமானால் ஊர்க்கவுண்டர் மகள் பாதையில் வந்து நின்று திட்டுவாள். நான் வகுத்தல் கணக்கின் மீதியையும் அங்கேதான் கற்றேன். ஆனால் இதெல்லாம் பிறகு.

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் எழுந்து போன பின் நாங்கள் இரண்டு பேரும் அண்டாவின் இரு பக்கமும் உட்கார்ந்தோம். அடியில் பொன்னிறமாகக் கொஞ்சம் சோறு ஒட்டியிருந்தது, மொறுமொறுவென்று, புகை வாசனையோடு. அவள் சுரண்டிப் பாதியை என் பக்கம் தள்ளினாள். ஊர்க்கவுண்டர் சாப்பிட்டாகிவிட்டது, வாத்தியார் சாப்பிட்டாகிவிட்டது, என் அப்பா சாப்பிட்டாகிவிட்டது. அத்தனை பேருக்கும் பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, நான் சாப்பிட்டேன்.